ஃப்ளெட்சிங்: சொல்லில் இல்லாத இறகு

கடலூரில் வில்வித்தை பழகும் சிறுவன் ஒருவன் மைதானத்து ஓரம் நின்ற அப்பாவிடம் ஓடிவந்து, "அப்பா, என் வேன் கழன்றுவிட்டது" என்றான். அவர் திடுக்கிட்டுச் சாலைப் பக்கம் பார்த்தார். பையன் சொன்னது பள்ளி வேனை அல்ல, அம்பின் வாலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் இதழை. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதினால் ஒன்றுதான்.

அந்த இதழையோ இறகையோ அம்பில் பொருத்தும் வேலைக்கு 'ஃப்ளெட்சிங்' என்று பெயர். பொருத்தி முடித்த இறகுகளுக்கும் அதே பெயர். வெகுநாள் இந்தச் சொல்லுக்குள் இறகு இருக்கிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் இருக்கும் பெரியப்பா அந்த நம்பிக்கையைக் கலைத்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இப்படி ஓய்வு பெற்றவர்களைச் 'சொல்தா' என்பார்கள். நான் மூங்கில் அம்புக்கு இறகு ஒட்டுவதைப் பார்த்து, என்ன வேலை இது என்று கேட்டார். சொன்னேன்.

"ஃப்ளெஷ் என்றால் அம்பு. இறகு அதில் எங்கே வந்தது?" என்றார்.

அவர் சொன்னது சரி. பிரெஞ்சில் ஃப்ளெஷ் என்றால் அம்பு. வழிகாட்டும் அம்புக்குறியும் அதுவே, தேவாலயத்தின் ஊசிக்கோபுரமும் அதுவே. அம்பு செய்பவனைப் பழைய பிரெஞ்சில் ஃப்ளெஷியே என்றார்கள். அது ஆங்கிலத்துக்குப் போய் ஃப்ளெச்சர் ஆயிற்று. லண்டனில் வில் செய்வோரும் அம்பு செய்வோரும் 1371இல் தனித்தனித் தொழிலாகப் பிரிந்தார்கள். தொழிற்பெயர் பிறகு குடும்பப் பெயராகவும் நிலைத்தது. அந்த ஃப்ளெச்சரிலிருந்துதான் 'ஃப்ளெட்ச்' என்ற வினையை உருவினார்கள். இறகு முளைப்பதைக் குறிக்கும் 'ஃப்ளெட்ஜ்' என்ற இன்னோர் ஆங்கிலச் சொல்லும் பக்கத்திலேயே இருந்ததால் பொருள் மெல்ல இறகின் பக்கம் சாய்ந்தது. ஆக, பிறப்பால் அது அம்பு வேலை. பழக்கத்தால் இறகு வேலை.

பிரெஞ்சுக்காரர்கள் அம்பின் இறகை ஆம்பெனாஜ் என்கிறார்கள். விமானத்தின் வால் பகுதிக்கும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இதே பெயர்தான். அதன் நடுவில் இருப்பது 'பென்னா', லத்தீனில் இறகு. போர்ச்சுக்கீசியர் வாயில் அது 'பெனா' ஆகி, இறகையும் இறகை வெட்டிச் செய்த எழுதுகோலையும் குறித்தது. தமிழுக்கு வந்து பேனா ஆனது. நம் சட்டைப் பையில் செருகியிருப்பது உண்மையில் ஓர் இறகு. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது தன் பேனாவை எடுத்து ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

இனி நம் சொற்கள். 'பத்திரம்' என்ற வடசொல்லுக்கு இலை, இறகு, ஏடு என்று பல பொருள். ஏடு என்ற பொருள் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறது. இறகு என்ற பொருள் 'கங்கபத்திரம்' என்ற அம்பின் பெயரில் அகராதிக்குள் ஒதுங்கிவிட்டது. பருந்திறகு கட்டிய அம்பு அது. (இன்று பருந்து, கழுகு இறகைத் தேடிப் புறப்பட வேண்டாம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.) அம்பின் இறகுள்ள அடிப்பகுதியை வடமொழியில் 'புங்கம்' என்பார்கள். அதைத் தமிழில் எடுத்து ஆண்டால் எல்லோருக்கும் புங்க மரமும் புங்க எண்ணெயும்தான் நினைவுக்கு வரும். நாணைக் கவ்வும் பிளவுக்கு மட்டும் 'குதை' என்ற அருமையான சொல் இருக்கிறது. அதைக் கைவிட்டுவிட்டு 'நாக்' என்று நாம் சொல்வதில் எனக்குக் கோபம் உண்டு.

இறகைக் குறிக்கும் சொற்களில் தூவி மென்மையானது, மெத்தைக்கு ஆகும். பீலி மயிலுக்கு உரியது. சிறகு பெரும்பாலும் முழு இறக்கை. அம்புக்கு வேண்டியது விறைப்பான ஒற்றை இறகு. எனவே 'இறகு' என்பதே பொருந்தும்.

வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் வினைச்சொல்லும் கிடைத்துவிடும். வான்கோழி வளர்ப்பவர் ஒருவரிடம் ஒரு பை நிறைய இறக்கை இறகு வாங்கினேன். நடுத்தண்டைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து, அடிப்புறத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். தண்டு என்பதைவிட, தென்னையோலைக்குச் சொல்வது போல ஈர்க்கு என்றால் இன்னும் பொருத்தம். பிறகு நான்கைந்து அங்குலத்துக்கு நறுக்கி, அட்டை அச்சை மேலே வைத்துக் கத்தரிக்கோலால் வளைவாக வெட்ட வேண்டும். சிலர் சூடேறிய கம்பியால் பொசுக்கி வடிவம் எடுப்பார்கள். அந்த நாற்றம் வீட்டில் சண்டை மூட்டும். பறவையின் உடலோடு ஒட்டியிருந்த முனை அம்பின் முனையைப் பார்க்க வேண்டும். குதையிலிருந்து விரல் பிடிக்க ஓர் அங்குலம் விட்டு, சற்றே சாய்வாக மூன்று இறகுகளைச் சம இடைவெளியில் ஒட்ட வேண்டும். தச்சர்கள் அந்தக் காலத்தில் வஜ்ஜிரப் பசை காய்ச்சினார்கள்; எனக்கு ஃபெவிகால் போதும்.

என் முதல் அம்புகளில் இடது இறக்கை இறகையும் வலது இறக்கை இறகையும் கலந்து ஒட்டிவிட்டேன். இரண்டின் வளைவும் எதிரெதிர். ஒன்று அம்பை ஒரு பக்கம் சுழற்றப் பார்க்க, மற்றது மறுபக்கம் இழுத்தது. கெடிலம் ஆற்றங்கரைத் தோப்பில் எய்த அம்பு குடித்தவன் நடையில் போய்ப் பக்கத்துத் தென்னையில் குத்தியது. ஓர் அம்புக்கு ஒரே பக்கத்து இறகுகள்தான்.

கடைசியாக, ஈர்க்கின் முன்முனையை நூலால் இறுகச் சுற்ற வேண்டும். விட்டுவிட்டால் அம்பு கிளம்பும்போது அது கையைக் கிழிக்கும். நூல் சுற்றும்போதுதான் 'கட்டுதல்' என்ற சொல் தானாக வாயில் வந்தது. 'இறகு கட்டுதல்' என்றாலே எல்லோருக்கும் புரிகிறது. இறகமைப்பு, சிறகிணைப்பு என்றெல்லாம் புதிதாகப் புனைய வேண்டியதில்லை. பசையால் ஒட்டுவதைக் கட்டுதல் என்பதா என்று நண்பர் ஒருவர் மறுத்தார். பல் கட்டிக்கொண்டவர் வாயில் கயிறா இருக்கிறது? இறக்கை கட்டிப் பறப்பதாகச் சொல்கிறோமே, அங்கே எந்த நூல்? பொருத்திய இறகுகளுக்கு 'அம்பிறகு' போதும். பிளாஸ்டிக் என்றால் 'இதழ்'. வில்லில் உரசினால் இறகு மடங்கிக்கொடுக்கும், பிளாஸ்டிக் மடங்காமல் அம்பைத் தட்டிவிடும் என்பதால் இரண்டுக்கும் தனிப்பெயர் இருப்பது நல்லது.

மூன்று இறகுகளில் வேறு நிறத்தில் இருக்கும் ஒன்றை ஆங்கிலத்தில் சேவல் என்பார்கள், மற்ற இரண்டும் பெட்டை. இதை மட்டும் நான் மாற்றவில்லை. "சேவல் வில்லுக்கு வெளிப்பக்கம்" என்று சொன்னால், தோப்புக்குப் புதிதாக வருகிற பையனும் அம்பை நாணில் சரியாகப் பூட்டிவிடுகிறான்.