வட்டியும் பொலிசையும்

வன்னியில் மீள்குடியேறிய எந்தக் கிராமத்துக்குப் போனாலும், கிழமையில் ஒருநாள் யாரோ ஒருவருடைய வளவுக்குள் ஏழெட்டுப் பெண்கள் கொப்பியும் காசுமாகக் கூடியிருப்பதைக் காணலாம். நுண்கடன் குழுவின் கட்டு நாள் அது, குழுவாகச் சேர்ந்து எடுத்த சிறு கடனுக்குக் கிழமைத் தவணை கட்டும் நாள். அப்படியொரு நாளில் பக்கத்து வளவு அக்கா கொப்பியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதில முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு எண்டு ஒருக்காப் பிரிச்சுச் சொல்லு. இவையள் ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லுகினம்." பிரித்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு சொற்கள் என்னை விடவில்லை.

முதல் என்பதில் சிக்கல் இல்லை. தொடக்கம், அடி, வேர் என்ற பொருள்களோடு போட்ட பணத்தையும் குறிக்கும் தமிழ்ச்சொல் அது. முதலாளி, முதலீடு எல்லாம் அதிலிருந்து வந்தவை.

வட்டிதான் கதை உள்ள சொல். வளர்ச்சி என்று பொருள்படும் 'விருத்தி' என்ற வடசொல் பிராகிருதத்தில் தேய்ந்து, தமிழில் வட்டி ஆனது என்பதே பெரும்பாலான அகராதிகள் சொல்லும் வழி. தெலுங்கின் 'வட்டீ', கன்னடத்தின் 'பட்டி' ஆகியவையும் அதே வழியில் வந்தவை. இரண்டிலும் டகரம் மெலிந்து ஒலிக்கும். எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் தெருவுக்குத் தெரு காணும் 'அபிவிருத்தி' என்ற சொல்லுக்குள்ளும் இதே விருத்திதான் இருக்கிறது. 2009க்குப் பிறகு வன்னிக்குள் அபிவிருத்தியும் வட்டியும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்ந்தன. சொல்லளவில் அவை ஒரே குடும்பம் என்று அறிந்தபோது எனக்குத் திகைப்பாகத்தான் இருந்தது.

சங்க இலக்கியத்திலும் வட்டி என்று ஒரு சொல் உண்டு. அது வேறு. ஓலையால் முடைந்த கூடையைக் குறிப்பது. ஐங்குறுநூற்றுப் பாட்டொன்றில், பாணர் வீட்டுப் பெண் வரால் மீனைச் சொரிந்த வட்டியில் மனையோள் பழைய வெண்ணெல்லை நிறைத்துக் கொடுக்கிறாள். மீனுக்கு நெல். குளத்து விராலை விற்றும் மாற்றியும் வாழும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. ஒலி ஒன்றாக இருப்பதால் கடன் வட்டி இந்தக் கூடையிலிருந்து வந்தது என்று சொல்லிவிட ஆசை வரும். ஆனால் பொருளில் பாலம் கிடையாது, அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல் இருந்தது? பொலிசை. பலிசை என்றும் எழுதுவார்கள். மலையாளத்தில் இன்றைக்கும் வட்டிக்குப் பலிச என்றுதான் பெயர். சிங்களத்தில் பொலிய. வங்கிக்குப் போனால் மும்மொழிப் பலகையில் நம் பழஞ்சொல்லின் சாயல் சிங்கள வரியில் இருக்கும், தமிழ் வரியில் வட்டி இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் பொலிசைக் கணக்கால் நிறைந்தவை. கோயிலுக்கு வந்த கொடைக் காசை ஊர்ச்சபைகளிடம் கடனாகக் கொடுத்து, ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை வாங்கினார்கள். இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். பொலிசையை நெல்லாகவே அளந்த ஊர்களும் உண்டு.

இந்தச் சொல்லின் வேர் பொலி. பெருகுதல், செழித்தல் என்று பொருள். பொலிவு, பொலிகாளை, பொலிதல் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. வன்னியானுக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வெட்டுமெசின் வருவதற்கு முன்னால் களத்தில் சூடு மிதித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மாடுகள் சுற்றிச் சுற்றி மிதிக்கும்போது 'பொலி பொலி' என்று குரல் கொடுப்பார்கள். மிதித்து முடித்த நெல் பொலி. அதைக் காற்றில் விட்டுத் தூற்றுவது பொலி தூற்றல். கண் முன்னால் குவியலாகக் கிடப்பதுதான் பொலி. அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது பொலிசை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கல்வெட்டுப் பொலிசை விளைச்சலைப் பார்த்துக் கூடிக் குறைந்ததல்ல. முன்கூட்டியே கட்டிய விகிதம். ஆனால் அது ஆட்டைக் கணக்கு, அதாவது ஆண்டுக் கணக்கு. ஒரு போகமாவது விளைந்து களத்துக்கு வர இடம் விட்ட கணக்கு.

நுண்கடனில் அந்த இடம் இல்லை. காலபோகத்துக்கு விதைத்தால் நெல் முற்ற மூன்று, மூன்றரை மாதம் போகும். கட்டுக்காசோ கடன் எடுத்த அடுத்த கிழமையே தொடங்கிவிடும். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும். விகிதத்தைச் சொல்லும் முறையிலும் ஒரு மறைப்பு உண்டு. உதாரணமாக 50,000 ரூபா, ஆண்டுக்கு 24 சதவீதம், 52 கிழமை என்று வைப்போம். வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கட்டக் கட்ட, கடனின் முதல் தொகை கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு போக, வட்டி மட்டும் முழு 50,000க்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. கையில் உண்மையாக மிஞ்சியிருந்த காசுக்குப் பார்த்தால் ஆண்டு வட்டி 44 சதவீதம் அளவில் வரும். ஆய்வுக் கட்டுரைகளில் இதைத் 'தட்டை வட்டி' என்று மொழிபெயர்க்கிறார்கள். தட்டை என்றால் அந்த அக்காவுக்கு என்ன விளங்கும்? 'முதல் குறையா வட்டி' என்று எழுதினால் ஏமாற்று எங்கே இருக்கிறது என்பது சொல்லிலேயே தெரியும். மிஞ்சியிருக்கும் முதலுக்கு மட்டும் வட்டி பார்க்கும் மற்ற முறையைக் 'குறையும் மீதி வட்டி' எனலாம். ஓடுகிற மீற்றரைப் பார்த்து மீற்றர் வட்டி என்று பெயர் வைத்த சனம், கணக்கை இவர்களைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களில் நிலுவையானவற்றைத் தள்ளுபடி செய்ய அரசு முடிவெடுத்தது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐ.நா. வல்லுநர் யுவான் பப்லோ போகோஸ்லாவ்ஸ்கி, சில நிறுவனங்களின் ஆண்டு வட்டி 40 முதல் 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். 'நுண்' என்ற அடைமொழி கடனின் அளவை மட்டும்தான் சொல்கிறது.

வட்டியைத் தமிழிலிருந்து தூக்கி எறியவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எளிய வட்டி, கூட்டு வட்டி என்று பிள்ளைகள் படித்து வேரூன்றிவிட்டது. வட்டிக்கு வட்டி என்ற வழக்கை மாற்றவும் முடியாது. பாடப்புத்தகத்தில் வட்டிக்குப் பக்கத்தில் பொலிசையையும் ஒருமுறை எழுதி, களத்துப் பொலியோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம். கூட்டுறவுச் சங்கங்களில் சேமிப்புக்குக் கிடைக்கும் பெருக்கத்தைப் பொலிசை என்றே எழுதலாம். பொருளுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

இந்தச் சொல்லை, மாடு விட்டுச் சூடு மிதித்துப் பழகிய எங்கள் ஊர் ஐயா ஒருவரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "பொலியில இருந்து குடுக்கிறதுதான் பொலிசையோ? அப்ப பொலியாத வருசத்துக்கு என்ன பேர் வைச்சிருந்தவை?"