பாகற்காயும் எட்டிக்காயும்: நாற்பதுக்கு மேல் தாய் சி பழகுபவர்களின் முழங்கால்

போன மாதம் என்னிடம் ஓர் அண்ணன் வந்தார். வயது 52, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர், வலது முழங்காலின் உள்பக்கம் வலி, லேசான வீக்கம். “விழல, அடிபடல, ஒண்ணுமே பண்ணலம்மா” என்றார். ஒன்றுமே பண்ணாமல் முழங்கால் வீங்கியது என்றால் நான் லேசில் நம்புவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில்தான், நான்கு மாதமாகத் தன் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குக்குப் பக்கத்துப் பூங்காவில் காலை ஏழு மணிக்குத் தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலை பழகுகிறார் என்பது வெளியே வந்தது. “அது மெதுவா செய்றதுதானே, அதையும் சொல்லணுமா?” என்று கேட்டார்.

சொல்லத்தான் வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட். நானே 41 வயதில், மாண்டரினில் பத்து வார்த்தைகூடத் தெரியாமல், ஒரு சிஃபுவிடம், அதாவது குருவிடம், போய் நின்றவள். வளர்ந்தபின் சீனத் தற்காப்புக் கலை கற்க ஆரம்பிப்பவர்கள் குத்து வாங்கியோ உதை வாங்கியோ என்னிடம் வருவதில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதுவும் முதல் வாரத்தில் வராமல், மூன்றாம் மாதம் நான்காம் மாதம் என்று வருகிறார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் செய்து காட்டுங்கள் என்றேன். முழங்காலைத் தடவுவதுபோல ஒரு கையைக் கீழே கொண்டுபோய், மறு கையை முன்னே தள்ளி அடியெடுத்து வைக்கும் அசைவு. தாய் சி வகுப்பில் கால் வைத்த எல்லாருக்கும் தெரியும். வலது காலை முன்னே வைத்தார், எடையை ஏற்றினார், அதுவரை அழகாகத்தான் இருந்தது. அடுத்த அடிக்கு உடம்பைத் திருப்ப வேண்டும். முழு எடையும் வலது காலில் இருக்கும்போதே, பாதம் தரையில் ஒட்டியபடி நிற்க, இடுப்பு திரும்பவில்லை, முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தது. அப்படியே நிற்கச் சொல்லி முழங்கால் சில்லின் மேல் விரலை வைத்தேன். “அண்ணே, இது எங்க பாக்குது, உங்க ரெண்டாவது விரல் எங்க பாக்குது?” குனிந்து பார்த்தார். இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன.

முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல் மாதிரி, மடங்கும், நீளும். முறுக்குவதற்கு அதில் இடம் கொஞ்சம்தான்; திரும்பும் வேலை இடுப்பு மூட்டினுடையது. தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பைச் சீன ஆசிரியர்கள் ‘குவா’ என்பார்கள், வகுப்பு முழுக்க அதைத் திற, அதில் உட்கார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்தே ஓட்டியவருக்கு அந்த மடிப்பு திறந்தால்தானே! உடம்புக்கு எப்படியாவது திரும்ப வேண்டும், இடுப்பு தராததை முழங்காலிடம் வாங்கிக்கொள்கிறது. எடை தாங்கிய நிலையில் அப்படி முறுக்கினால் நடுவில் இருக்கும் சவ்வு அம்மியில் அகப்பட்டதுபோல அரைபடும். ஒரு முறைக்கு ஒன்றும் ஆகாது. தினம் அரை மணி நேரம், நான்கு மாதம் என்றால் ஆகும். எடையைப் பின்காலுக்கு மாற்றி, முன்காலின் பாதத்தைக் குதிகாலில் திருப்பி, அப்புறம் எடையை ஏற்றுங்கள். சில பாணிகளில் எடையோடே திருப்பச் சொல்வார்கள், அது இடுப்பு திறந்தவர்களுக்கு. முதல் வருடம் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு வில்லங்கம், ஆழம். சிஃபு கீழே இறங்குகிறார், நாமும் இறங்குகிறோம். முழங்கால் மடங்க மடங்கச் சில்லுக்குப் பின்னால் விழும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தசை சில வாரத்தில் பலப்பட்டுவிடும், ஆனால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண் தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டாம் மாதம் தொடை உறுதியாகத் தெரியும், இன்னும் ஓர் அங்குலம் இறங்கலாமே என்று தோன்றும், தசைநாணோ இன்னும் பழைய நாற்காலிக் காலத்திலேயே இருக்கும். என் ஆட்கள் நான்காம் மாதம் வருவதன் கணக்கு பெரும்பாலும் இதுதான்.

வலித்தால் நிறுத்த வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். சீனத்தில் ‘ச்சி கூ’ என்று ஒரு சொல் உண்டு, நேர்ப்பொருள் கசப்பைத் தின்பது. கஷ்டத்தை முனகாமல் தாங்குவது, தற்காப்புக் கலைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது. இந்த அண்ணனுக்கும் அதை யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள், வலியைப் பயிற்சியின் பாகம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சொன்னது: கசப்பில் பாகற்காயும் உண்டு, எட்டிக்காயும் உண்டு. தொடை எரிவது, கால் நடுங்குவது, மறுநாளோ அதற்கு மறுநாளோ படியிறங்கும்போது தசை முழுக்கப் பிடித்துக்கொள்வது, இதெல்லாம் பாகற்காய், தின்னலாம். மூட்டுக்குள் ஒரு புள்ளியில் குத்துவது, வீக்கம், மடக்கிய கால் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது திடீரென்று கைவிடுவது, இவை எட்டிக்காய். பூட்டிக்கொண்டாலோ கைவிட்டாலோ அடுத்த வகுப்பு வரை காத்திருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

அதிகம் இறங்காமல் உயரமாக நின்று செய்தால் அது அசல் தாய் சி இல்லை என்று சிலருக்கு ஒரு கூச்சம். சீனாவின் ஹெனான் மாநிலத்து சென்ஜியாகோ கிராமத்தில் வளர்ந்த பழைய சென் பாணித் தாய் சியில் தாழ்ந்த நிலைகளும் தரையை மிதிக்கும் அசைவுகளும் திடீர் வேகமும் இன்றும் இருக்கின்றன. அங்கே கற்ற யாங் லூச்சான் அதை 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ காலத்தில்தான் நாம் பூங்காவில் பார்க்கும் மெதுவான, விரிந்த வடிவம் பரவியது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதையும் சுருக்கி 24 அசைவுகளாக்கியது, ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆக, சீனர்களே ஆளுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்வதால் தாய் சி ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம் தாய் சியும், மறு பாதிக்கு ஆறு வாரம் பிசியோதெரபியும் அதன்பின் ஆறு வாரம் வீட்டுப் பயிற்சியும் கொடுத்தார்கள். வலி குறைந்ததில் இரண்டும் ஏறக்குறைய சமம். என் பிழைப்பில் மண் போடும் சேதிதான், இருந்தாலும் உண்மை. முழங்காலைக் கெடுத்த அதே அசைவு சரியாகச் செய்தால் அதைத் தேற்றவும் செய்கிறது.

நம் ஆட்களுக்கு இன்னொன்று. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிப்பிசைடு மாத்திரையோ எடுப்பவர்கள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போகாதீர்கள், நேரத்தை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதம் மரத்திருந்தால் வெறுங்கால் வேண்டாம், மெல்லிய தட்டையான காலணி போதும். பிரஷர் இருந்தால் அசையாமல் நிற்கும் பயிற்சியில் மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். சிஃபுவிடம் முதல் நாளே உங்கள் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், சொன்னதும் “இறங்காதே” என்பவர் நல்ல சிஃபு. என் சிஃபு என் தோளைத் தட்டி “ஃபாங் சோங்”, அதாவது தளர்த்து, என்று சொல்லியே ஒரு வருடம் ஓட்டினார். இறங்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த அண்ணன் ஆறு வாரம் கழித்து வந்தார். வீக்கம் இல்லை, திருப்பும்போது சில்லும் விரலும் ஒரே ஊருக்குப் போயின. ஆனால் முகத்தில் தெளிவில்லை. என்ன என்று கேட்டேன்.

“பக்கத்துல ஒரு சீனப் பாட்டி நிக்கிறாங்கம்மா, எழுபது தாண்டியிருக்கும். என்னைவிடக் கீழ போறாங்க. அதான் தாங்கல.”

“அவங்க எத்தன வருஷமா பண்றாங்கன்னு கேட்டீங்களா?”

“முப்பத்தொண்ணு.”