ட்ரில் என்றால் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிகாகோவில் கிளம்பிய ராப் வகைக்கும் நாம் ட்ரில் என்றுதான் எழுதுகிறோம், ஆனால் ஆங்கிலத்தில் அது 'drill', இது 'trill', வேறு சொல். இது 'ட்ரூ', 'ரியல்' இரண்டையும் ஒட்டிச் செய்த அமெரிக்க ஹிப்ஹாப் சொல். வாய் பேசுகிறபடியே வாழ்கிற, வேஷம் போடாத ஆளைத்தான் ட்ரில் என்பார்கள்.

டெக்சாஸில் போர்ட் ஆர்தர் என்று ஓர் ஊர், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பேர் போனது. அந்த ஊர்ப் பேச்சில் கிடந்த சொல்லை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனது யுஜிகே, அதாவது அண்டர்கிரவுண்ட் கிங்ஸ் என்ற ஜோடி: பிம்ப் சி, பன் பி. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸும்தான் ராப் என்றிருந்த காலத்தில் இவர்கள் அமெரிக்கத் தெற்கத்தி இழுவைப் பேச்சை மறைக்காமல் அப்படியே பாடினார்கள், பின்னால் சர்ச் ஆர்கனும் ப்ளூஸ் கிட்டாரும் சாவகாசமாக ஓடும். தன் இசையை ராப் என்றுகூடச் சொல்லாமல் 'கன்ட்ரி ராப் ட்யூன்ஸ்' என்பார் பிம்ப் சி. 1996-இல் வந்த 'ரைடின் டர்ட்டி'க்கு ஒரு வீடியோகூட எடுக்கவில்லை, அப்படியும் அமெரிக்காவின் ஆர்&பி, ஹிப்ஹாப் ஆல்பப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. என்னைக் கேட்டால் அண்டர்கிரவுண்ட் என்ற பேருக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது.

பிம்ப் சி சிறையில் இருந்தபோது, 2005-இல், பன் பி தன் தனி ஆல்பத்துக்கு 'ட்ரில்' என்றே பேர் வைத்தார். 2007-இல் இருவரும் சேர்ந்து போட்ட ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது, அதே டிசம்பரில் பிம்ப் சி இறந்துபோனார். ஆனால் சொல்லின் பயணம் நிற்கவில்லை. 2011-இல் நியூயார்க் ஹார்லெம் பையனான ஏசாப் ராக்கி தன்னை ட்ரில் என்று சொல்லிக்கொண்டு, டெக்சாஸின் ஹூஸ்டன் நகரப் பாணியிலேயே பாட்டும் போட்டார். ஹிப்ஹாப் பிறந்த ஊரே தெற்கிடம் சொல்லைக் கடன் வாங்குவது சின்ன விஷயமா?

சரி, தமிழில்? 'அசல்' நன்றாகத்தான் ஒட்டுகிறது, ஆனால் அது அரபியிலிருந்து வந்தது. பேச்சுவழக்கு போதுமென்றால் 'அக்மார்க்' இருக்கிறது, ஆனால் அதில் கொஞ்சம் கிண்டல் ஒலிக்கும். என் ஓட்டு 'மெய்'க்கு. உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, உடம்புக்கு மெய்மை என்று நம் ஆட்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள் இல்லையா, ட்ரில் கேட்பதும் அந்த மூன்றாவதைத்தான். 'மெய்யான ஆள்', 'மெய்யான பாட்டு' என்று எழுதலாம். புத்தக வாடை அடிக்கிறது என்பவர்கள் சென்னையில் 'மெய்யாலுமே' எத்தனை சாதாரணமாகப் புழங்குகிறது என்று கேட்டுப் பார்க்கட்டும்.