கருப்பைச் சத்திரசிகிச்சை: எது எடுக்கப்படுகிறது, எது எஞ்சுகிறது?

திருகோணமலை நகரிலிருந்தும் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களிலிருந்தும் பெண்நோயியல் கிளினிக்குக்கு வருகின்ற நடுத்தர வயதுப் பெண்களிடம், முன்பு என்ன சத்திரசிகிச்சை செய்யப்பட்டது என்று கேட்டால், "கர்ப்பப்பை எடுத்தாச்சு, டொக்டர்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். முட்டைகளை உருவாக்கும் சூலகங்களும் எடுக்கப்பட்டனவா, கருப்பைக் கழுத்து விடப்பட்டதா என்ற அடுத்த கேள்விக்குப் பலருக்கும் விடை தெரிவதில்லை. பொலித்தீன் பையிலிருந்து பழைய ஸ்கான் அறிக்கைகளும் கிளினிக் கொப்பியும் வெளியே வரும். அந்த விடை எழுதப்பட்ட, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் டயக்னோசிஸ் காட் மட்டும் இருக்காது.

இந்த விவரம் வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. கருப்பை அகற்றப்பட்டால் மாதவிடாய் நின்றுவிடும், இனிக் கருத்தரிக்க இயலாது. ஆனால் பெண்மைக்குரிய ஹோர்மோன்களைச் சுரப்பவை சூலகங்களே என்பதால், அவை விடப்பட்டிருந்தால் "உடம்பு உடனே கிழடாகிவிடும்" என்று அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு சூலகங்களும் இளவயதிலேயே எடுக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு: திடீர் வெப்பமும் வியர்வையும் வரும், காலப்போக்கில் எலும்புகள் பலமிழக்கும், எனவே ஹோர்மோன் சிகிச்சை பொருந்துமா என்று வைத்தியரிடம் கட்டாயம் பேச வேண்டும். கருப்பைக் கழுத்து விடப்பட்டவருக்கோ அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு தொடர்ந்தும் உண்டு. ஆகவே 35, 45 வயதுகளில் சுகவனிதையர் கிளினிக்கில் செய்யப்படும் பரிசோதனையை, "எனக்குத்தான் எடுத்தாயிற்றே" என்று அவர் தவிர்க்கக் கூடாது.

ஸ்கானில் கட்டி தெரிந்தவுடனே கருப்பையை எடுத்துவிடலாம் என்று குடும்பத்தார் அவசரப்படுவதும் உண்டு. தொல்லை தராத சிறிய நார்க்கட்டிக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை. மாதவிடாய் முற்றாக நின்றபின் அது பெரும்பாலும் தானே சுருங்கும். இரத்தப்போக்கு அதிகமாகி இரத்தச்சோகை ஏற்பட்டவர்களுக்கும் முதலில் மாத்திரைகள், கருப்பைக்குள் வைக்கப்படும் ஹோர்மோன் கொண்ட லூப், கட்டியை மட்டும் அகற்றுதல் போன்ற வழிகள் இருக்கின்றன. இவற்றுள் எது பொருந்தும், பொருந்தாவிட்டால் ஏன் என்பதைச் சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும் முன்னரே கேட்டறிவது அந்தப் பெண்ணின் உரிமை. அதைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது.

டி அன்ட் சி, அதாவது கருப்பைக் கழுத்தை விரித்து உட்பகுதியைச் சுரண்டி எடுப்பது, பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "கழுவினால் சரியாகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். கருச்சிதைவின்போது எஞ்சியதை அகற்ற அது சிகிச்சையாகப் பயன்படுவது உண்மையே. மற்றபடி, கருப்பையின் உட்சவ்விலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் பரிசோதனையாகவே அது பெரும்பாலும் செய்யப்படுகிறது. அந்த அறிக்கையைப் பெற்றுக் காட்டாவிட்டால் செய்ததன் பயன் கிடைக்காது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் வர வேண்டும். புற்றுநோயாக இருப்பின், தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

கருப்பை அகற்றப்பட்டபின் வீட்டில் சரக்குக் கறி கொடுப்பதற்குத் தடையில்லை, ஆனால் பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும் எழும்ப விடாமல் கிடத்தி வைப்பதும் கெடுதலானவை. மறுநாளே மெல்ல நடப்பது காலில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை போன்ற பாரங்களைத் தூக்கவும் தாம்பத்திய உறவில் ஈடுபடவும் கூடாது. காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, அதிக இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது கண்டாலும் கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்கு வாருங்கள், டயக்னோசிஸ் காட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.