கணக்கொப்புவித்தல்: ‘பொறுப்புக்கூறல்’ விட்டுப்போன பாதி

இலண்டனில் இருக்கும் என் மருமகன், அக்காவின் மகன், போன மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சேற்றுக் குழியிலிருந்து தூக்கியெடுத்த யானைக்குட்டி. அதன் நெற்றியில் யாரோ ஒருவரின் கை. படத்துக்குக் கீழே ஒரு நிறுவனத்தின் பெயர், காசு அனுப்புவதற்கான இணைப்பு, அதோடு ஒரு வரி: ‘முழுமையான பொறுப்புக்கூறலுடன் இயங்குகிறோம்.’

“மாமா, உங்கட பக்கத்து யானையளுக்குத்தான் கேக்கினம். குடுக்கலாமோ? அதுசரி, பொறுப்புக்கூறல் எண்டா என்ன?”

நான் இலங்கையில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம். யானையைப் பற்றிக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். கிழமையில் ரெண்டு இரவாவது யானையைக் கலைக்கப் போடும் வெடிச் சத்தம் கேட்டுத்தான் எழும்புகிறோம். அவன் சொல்லைப் பற்றிக் கேட்டபடியால் பதில் நீண்டுவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் திருத்தி எழுதுகிறேன்.

‘பொறுப்புக்கூறல்’ என்பது ஆங்கில ‘எக்கவுண்டபிலிற்றி’க்கு இலங்கைத் தமிழில் நிலைத்துவிட்ட சொல். தமிழ்நாட்டில் பொறுப்புடைமை, பொறுப்பேற்பு என்றும் எழுதுவார்கள். வன்னியில் இருக்கிறவர்களுக்கு இது வேறு இடத்தில் அறிமுகமான சொல். 2009இல் போர் முடிந்த பிறகு, குறிப்பாக ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2011இல் வெளிவந்த பிறகு, பத்திரிகையைத் திறந்தால் இந்தச் சொல்தான். அது பெரிய கதை, இங்கே அதற்கு இடம் இல்லை. ஆனால் அவ்வளவு கனத்தைச் சுமந்த ஒரு சொல்லை யானைக்குட்டிப் படத்துக்குக் கீழே பார்த்தபோது ஒரு மாதிரித்தான் இருந்தது.

பொறுப்பு, ‘பொறு’ என்ற வினையிலிருந்து வந்தது. சுமையைத் தாங்குவது பொறுத்தல். பிழையை மன்னிப்பதும் பொறுத்தல். “கொஞ்சம் பொறு” என்றால் காத்திரு என்று அர்த்தம். ஆக, பொறுப்பு என்பது ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்ட சுமை. அதோடு ‘கூறல்’ சேர்ந்தால் ‘இந்தச் சுமை என்னுடையது’ என்று வாயால் சொல்வது. சொல் அந்த அளவில் நின்றுவிடுகிறது. சுமையில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது, வழியில் எவ்வளவு சிந்தியது என்ற கேள்விக்கு அதற்குள் இடமில்லை.

ஆங்கிலச் சொல்லில் அந்த இடம் இருக்கிறது, ‘எக்கவுண்ட்’ என்றாலே கணக்குத்தானே. அதன் வேர் லத்தீனின் ‘கொம்புத்தாரே’. கூட்டிக் கணக்கிடுவது என்று பொருள். கம்ப்யூட்டரும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழிலும் கணி, கணக்கு, கணினி என்று ஒரே வரிசையாக வைத்திருக்கிறோம். மொழிபெயர்த்தவர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டு கணக்கைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது என் குறை. ஒரு நாட்டின் அரசைப் பார்த்துப் பேசும்போது அது பரவாயில்லையாக இருக்கலாம். நன்கொடை கேட்டு வருகிற நிறுவனத்திடம் பேசும்போது விட்டுப்போன பாதிதான் முக்கியம்.

அந்தப் பாதியை எங்கே தேடுவது? எங்கள் பொதுநோக்கு மண்டபத்திலேயே இருக்கிறது. கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் காசேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழும்பி நிற்பார். ஆரம்ப மீதி இவ்வளவு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று உரத்து வாசிப்பார். போன வருசம் வாய்க்கால் துப்பரவுக்கு மூன்று நாள் கூலி என்று வாசித்ததும் பின்வரிசைக் கதிரையிலிருந்து ஒரு முதியவர் குரல் கொடுத்தார்.

“தம்பி, நான் ரெண்டு நாள்தான் கண்டனான்.”

பொருளாளர் பக்கத்தைப் பிரட்டினார். “மூண்டாம் நாள் மதகடியிலை ஐயா. நீங்கள் அண்டைக்கு முல்லைத்தீவுக்குப் போட்டியள்.”

கூட்டம் சிரித்தது. முதியவர் விடவில்லை, கூலிக்குக் கையெழுத்து வைத்த தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகுதான் ஒருவர் பிரேரிக்க, மற்றவர் ஆமோதிக்க, கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதைத்தான் ‘ஓடிட்’ என்ற சொல்லும் சொல்கிறது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் கோப்பும் சிவப்புப் பேனாவும் ஞாபகம் வருகின்றன. அதன் லத்தீன் வேரான ‘ஔதீரே’க்கு அர்த்தம் கேட்டல். எழுத்து வாசிப்புப் பரவலாக இல்லாத காலத்தில் கணக்கை உரத்து வாசிக்க, அதைக் காதால் கேட்டுச் சரிபார்த்தவர்தான் ‘ஓடிற்றர்’. தமிழ்நாட்டில் தணிக்கை என்பார்கள், இங்கே கணக்காய்வு. கணக்காய்வு நல்ல சொல்தான், ஆனால் அது ஆய்கிறவரின் வேலையைச் சொல்கிறது. எழும்பி நின்று வாசிக்கிறவரின் வேலைக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும்.

அது ‘ஒப்புவித்தல்’. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி வாத்தியார் முன்னால் ஒப்புவித்திருக்கிறோம். பொருளை உரியவர் கையில் கொடுப்பதும் ஒப்புவித்தல். அடியில் கிடப்பது ‘ஒப்பு’, அதாவது சம்மதி. கேட்கிறவரை ஒத்துக்கொள்ளச் செய்வது ஒப்புவிப்பது. உரத்துச் சொல்வது, கையளிப்பது, மற்றவர் சம்மதிக்கும் வரை நிற்பது, மூன்றும் ஒரே வினைக்குள். தமிழ் வேதாகமத்தில், உடைமையைப் பாழாக்கினான் என்று குற்றஞ்சாட்டப்பட்ட களஞ்சியப் பொறுப்பாளனிடம் எசமான் “உன் உக்கிராணக் கணக்கை ஒப்புவி” என்றுதான் கேட்கிறான். ஆகவே ‘கணக்கொப்புவித்தல்’ நான் இப்போது செய்த சொல் இல்லை. சும்மா கிடந்ததைத் தூசி தட்டுகிறேன்.

இதற்குப் போட்டியாக இன்னும் பழைய சொல் ஒன்று உண்டு: கணக்குக் காட்டுதல். தமிழ்நாட்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை. 919, 921 என்று இரண்டு ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊர்ச்சபை வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, யாரைத் தெரிவுசெய்யக்கூடாது என்ற பட்டியலில், ‘எப்பேர்ப்பட்ட வாரியங்களும் செய்து கணக்குக் காட்டாதே இருந்தாரையும்’ என்று வருகிறது. அவரோடு விடவில்லை, அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமன், மைத்துனன் என்று சொந்தக்காரர் வரிசையும் சேர்த்துத் தள்ளிவைக்கப்படுகிறது. உடன்பிறந்தாள் மகனும் அதில் அடக்கம். நான் அந்த ஊரில் கணக்குக் காட்டாமல் விட்டிருந்தால் இலண்டன் மருமகனுக்கும் குடவோலைத் தேர்வில் இடமில்லை.

அருமையான சொல். ஆனால் காலம் அதைக் கெடுத்துவிட்டது. இப்போது “சும்மா கணக்குக் காட்டுறான்” என்றால் ஒப்புக்குச் செய்கிறான், ஏய்க்கிறான் என்றுதான் அர்த்தம். அதனால் நான் ஒப்புவித்தல் பக்கம். (‘ஒப்புக்கு’ என்பதும் ‘ஒப்பு’தானே என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். எல்லாச் சொல்லிலும் கொஞ்சம் துரு உண்டு.)

சரி, யானைக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் இலங்கைக் காட்டு யானைகள் 5,879. 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 400க்கும் மேல் செத்தன. மனிதரும் நூற்றுக்கு மேல். இதைப் பார்த்து மனம் இளகாதவர் இல்லை. மனம் இளகும் இடத்தில்தான் கையும் நீட்டப்படும். நீட்டுகிற கை நல்ல கையாகவும் இருக்கலாம்.

என் அனுபவம் ஒன்று. சில வருசத்துக்கு முந்தி ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் வயல் ஓரமாக யானை வேலி போட்டுத் தந்தது. சோலார் தகடு, பற்றரி, கம்பி எல்லாம் புதிது. திறப்பு விழா, பொன்னாடை, படப்பிடிப்பு. நாங்களும் வீட்டுக்கு வீடு காசு சேர்த்துக் கொடுத்தோம். மாரி முடியப் புல் வளர்ந்து கீழ்க் கம்பியைத் தொட்டது. புல் தொட்டால் மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும், கம்பியில் அடி இருக்காது. வெட்டுவதற்குக் கூலி யார் தருவது என்று எழுதிவைக்கவில்லை. அடுத்த போகத்துக்குள் பற்றரியும் படுத்துவிட்டது. யானைக்கு இது தெரிய ரெண்டு இரவு போதும். கட்டையைக் காலால் தள்ளிவிட்டு வந்தது.

பிறகு அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை ஒன்று கையில் கிடைத்தது. வேலி அமைத்த செலவு இருந்தது, ஓடிட் கையொப்பம் இருந்தது. பொய் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு அறிக்கையில் பராமரிப்பு என்ற வரியே இல்லை. கணக்காய்வாளர் எழுதியதைச் சரிபார்ப்பார், எழுதாத வரியைப் பற்றி அவரிடம் கேட்டுப் பயனில்லை. அதைக் கேட்க வாய்க்கால் துப்பரவை எண்ணிய அந்த முதியவர் மாதிரி ஓராள் வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு சொல். ‘அறக்கட்டளை’ என்று சாதாரணமாக எழுதுகிறோமே, அதில் உள்ள கட்டளை கோயில் வழக்கு. உச்சிக்காலப் பூசைக்கு என்று ஒருவர் வயல் எழுதிவைத்தால் அது உச்சிக்காலக் கட்டளை. அந்த வருமானத்தில் தேருக்குச் சில்லு வாங்க முடியாது. கணக்கியல் புத்தகம் ‘கட்டுப்படுத்தப்பட்ட நிதி’ என்று நீட்டி முழக்குவது இதைத்தான். “யானைக்குட்டிக்கு” என்று வாங்கிய காசு அலுவலக வாகனத்துக்கு டீசலாகப் போனால், கோயில் பாஷையில் அது கட்டளை மீறல். ஆகவே நன்கொடை கொடுக்கும்போது எதற்கு என்று எழுத்தில் சொல்லிவிட்டு, அது தனிநிதியாக வைக்கப்படுகிறதா என்று கேட்பது நல்லது. நன்கொடை கேட்டு வரும் பல துண்டுப்பிரசுரங்களில் சின்ன எழுத்தில், ‘தேவைக்கேற்ப வேறு பணிகளுக்கும் பயன்படுத்தப்படலாம்’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அது குற்றமில்லை. தெரிந்து கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

மருமகன் இருக்கும் ஊரில் இந்த வேலை சுலபம். இங்கிலாந்திலும் வேல்சிலும் அறக்கொடை ஆணைக்குழுவின் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் வரவு, செலவு, அறங்காவலர் பெயர்கள் வரும். ஆண்டு வருமானம் 25,000 பவுணுக்கு மேல் என்றால் முழுக் கணக்கையும் திறந்து பார்க்கலாம், பிந்திக் கொடுத்திருந்தால் அதுவும் தெரியும். தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் கணக்குப் படிவத்துக்குக் கனடாவில் ‘ரி3010’ என்று பெயர், அமெரிக்காவில் ‘போர்ம் 990’. அந்த 990இல் செலவு மூன்றாகப் பிரிந்திருக்கும்: பணி, நிர்வாகம், நிதி திரட்டல்.

இதில் ஒரு சூட்சுமம். நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்திலேயே யானைகளைக் காக்க வாசிக்கிறவர் என்ன செய்யவேண்டும் என்று நாலு வரி போட்டுவிட்டால், சில நிபந்தனைகளோடு அச்சுச் செலவிலும் முத்திரைச் செலவிலும் ஒரு பங்கைப் பொதுமக்கள் கல்வி என்று பணிக்குள் ஏற்ற விதியில் இடமுண்டு. அதனால் பணி விகிதம் அழகாகத் தெரியும். அமெரிக்காவில் ஒரு மதிப்பீட்டு அமைப்பு மொத்தச் செலவில் நூற்றுக்கு 65 பங்காவது பணிக்குப் போகவேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்காத நிறுவனம் நிர்வாகச் செலவில் சிக்கனமாகத்தான் தெரியும். கணக்கு எழுத ஆள் இருக்காது.

இங்கே அப்படித் தட்டிப் பார்க்கும் வசதி குறைவு. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வச் சமூக சேவை அமைப்பாகவோ, 2007இன் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகவோ பதிந்திருப்பார்கள். பதிவு இலக்கம் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிள்ளை பிறந்தது உண்மை, குழப்படியா இல்லையா என்று அதில் எழுதியிருக்காது. “வனஜீவராசிகள் திணைக்களத்தோடு சேர்ந்து செய்கிறோம்” என்று யாராவது சொன்னால் திணைக்களத்திடமே கேட்கலாம். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ பெரும்பகுதிப் பணம் பெற்றுப் பொதுச்சேவை செய்யும் தொண்டு நிறுவனமும் அந்தச் சட்டத்துக்குள் வரும். பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் எழுதிப் போடுவதில்லை.

இவ்வளவையும் மருமகனுக்குக் குரற்பதிவாக அனுப்பினால் அவன் கேட்கமாட்டான். ஆகவே மூன்று கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன். போன வருசம் நீங்கள் போட்ட வேலிகளில் இன்று மின்சாரம் ஓடுவது எத்தனை? புல் வெட்டுகிற கூலி எந்த வரியில் இருக்கிறது? உங்கள் நிர்வாக சபையில் ஒரே குடும்பத்து ஆட்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்வி உத்திரமேரூர்க்காரரிடம் கடன் வாங்கியது.

ஒன்பதாம் நாள் பதில் வந்ததாம். அவன் எனக்கும் அனுப்பிவைத்தான். தங்கள் அக்கறைக்கு நன்றி, கணக்காய்வு அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து பொறுத்திருங்கள் என்று இருந்தது. கூடவே ஒரு படம். அதே குட்டிதான், அதே சேறு. இந்த முறை நெற்றியில் கை இல்லை.