பாஸ்வேர்டை 'மறந்த' லேப்டாப்

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அவன் அக்காவின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், இதுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல, பாஸ்வேர்ட மறந்துட்டு" என்றான். உதவித்தொகைக்குப் பெயர் பதியச் சொல்லி வாட்ஸப் குரூப்பில் ஒரு லிங்க் வந்திருக்கிறது, அமுக்கினால் பள்ளி மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்கிற பக்கம், பார்க்க வழக்கமான பக்கம் மாதிரியேதான் இருந்தது, ஆனால் எப்போதும் தானாக நிரப்பித் தருகிற பிரவுசர் அன்றைக்கு மட்டும் சும்மா நின்றுவிட்டது. கையால் அடிக்கலாம் என்றால் இவனுக்குப் பாஸ்வேர்டு நினைவில் இல்லை. நல்லவேளை! லேப்டாப்புக்கு எல்லாம் நினைவிருந்தது. அந்தப் போலி முகவரியை ஒழுங்காகப் படித்த ஒரே ஆளும் அதுதான்.

நம்ம ஊரில் இதை விளக்க அல்வாக் கடை போதும். ஜங்ஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர், கேள்விப்பட்ட பேருக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சொல் ஒட்டிய பலகையைப் பார்த்ததும் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவார். ஊர்க்காரன் பலகையை நம்பமாட்டான், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே என்று இடத்தைப் பார்ப்பான். இணைய முகவரியிலும் பார்க்கவேண்டியது இடத்தைத்தான். தபாலில் கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று சின்னதிலிருந்து பெரியதற்குப் போகிறோமே, அதே வரிசை. ஆக, தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கடுத்த முதல் சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு வலது கோடியிலிருந்து படிக்கவேண்டும். டிஎன்.கவ்.இன் (tn.gov.in) என்று முடிந்தால் தமிழ்நாடு அரசு, ஏனென்றால் கவ்.இன் என்கிற முடிவை அரசைத் தவிர வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. டிஎன்.கவ்.இன்.உதவித்தொகை.காம் என்று ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். முன்னால் இருக்கிற அரசு பேரெல்லாம் வெறும் கதவு எண், வீடு உதவித்தொகை.காம் வைத்திருக்கிற யாரோ ஒருவருடையது. தன் காலிமனையில் கட்டிய அறைக்கு 'கலெக்டர் ஆபீஸ்' என்று எழுதிவைக்க யாரும் தடுக்கமுடியாது இல்லையா, அப்படி.

கம்ப்யூட்டரும் வலமிருந்துதான் விசாரிக்கிறது. ஒரு காலத்தில் இணையத்தில் இருந்த எல்லா இயந்திரங்களின் பேரும் அமெரிக்காவில் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. அது கட்டுப்படியாகாமல் போகவே 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், பேரைச் சொன்னால் இயந்திரத்தின் எண்ணைத் தேடித்தரும் டிஎன்எஸ் என்ற முறையை வடிவமைத்தார். 'இன்' எங்கே என்று முதலில் ஒரு சர்வரைக் கேட்கும், அது காட்டும் இடத்தில் கவ்.இன் எங்கே என்று கேட்கும், இப்படி இறங்கி இறங்கி கடைசியில் ஓர் எண் கிடைக்கும். பள்ளி லேபில் போட்டிருக்கும் ஃபில்டர்கள் பலவும் உட்கார்ந்திருப்பது இந்த விசாரணை நடக்கிற இடத்தில்தான். தடைப்பட்டியலில் இருக்கிற பேரைக் கேட்டால் எண் தராது, அவ்வளவுதான் அதன் வேலை. நேற்று ராத்திரி பதிவான பேர் இன்னும் பட்டியலுக்கு வந்திருக்காது. பையன் வீட்டில் மொபைல் டேட்டாவில் திறந்தால் பள்ளி ஃபில்டருக்குச் சேதியே தெரியாது.

"பூட்டு இருக்குல்லா சார்?" என்று உடனே கேட்பார்கள். முகவரிக்குப் பக்கத்தில் தெரிகிற பூட்டுப் படத்துக்கு அர்த்தம், உங்களுக்கும் அந்தப் பேர் வைத்திருப்பவருக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே. அல்வா டப்பாவில் சீல் உடையாமல் இருக்கலாம், உள்ளே நெய்யா டால்டாவா என்று சீல் சொல்லுமா? 2015-லிருந்து இந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கிக்கொள்கிறான். மக்கள் பூட்டைத் தப்பாக நம்புகிறார்கள் என்று குரோம் 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

சரி, வலமிருந்து படித்தால் தப்பிக்கலாமா? பெரும்பாலும். ஆனால் கண் ஏமாறும். பழைய தமிழ் எண்களை எழுதிப் பாருங்கள்: ௧ என்கிற ஒன்று, ௭ என்கிற ஏழு. க, எ என்றுதானே தோன்றுகிறது? கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில் தனி எண். ஆங்கில 'ஏ' மாதிரியே ரஷ்ய எழுத்தில் ஒன்று உண்டு, அதை நடுவில் செருகி அசல் போலவே தெரிகிற முகவரி பதிந்து காட்டியிருக்கிறார்கள். இப்போதைய பிரவுசர்கள் இப்படிக் கலந்த பேர்களைப் பெரும்பாலும் குறியீடாக மாற்றிக் காட்டிவிடும், ஆனால் 'எம்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிவைத்தால் அது சாதாரண ஆங்கிலம், தடுக்க வழியில்லை.

பாஸ்வேர்டைச் சேமித்துவைக்கிற மென்பொருள் ஜெயிப்பது இங்கேதான். அதற்குப் பக்கத்தின் நிறமும் முத்திரையும் ஒரு பொருட்டே கிடையாது. எந்தப் பேருக்குச் சேமித்ததோ அந்தப் பேர் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் நிரப்பும், இல்லையென்றால் வாயைத் திறக்காது. அது நிரப்பாதபோது, அதையும் மீறிக் கையால் அடிக்கப் போகிறோமே, ஆபத்து அந்த இடத்தில்.

இதெல்லாம் சொந்தக் கருவிக்கு. பள்ளி லேபில் சேமிக்கவே கூடாது. உள்ளே நுழைந்ததும் தளம் பிரவுசரிடம் குக்கி என்று ஒரு சீட்டைக் கொடுத்துவைக்கிறது, அதற்கப்புறம் பாஸ்வேர்டு கேட்பதில்லை, சீட்டைத்தான் பார்க்கிறது. மணி அடித்ததும் அப்படியே எழுந்து ஓடினால், அடுத்த பீரியடில் அந்த நாற்காலியில் உட்காருகிறவன்தான் நீங்கள். சைன் அவுட் செய்தால் சீட்டு செல்லாமல் போகும், ஜன்னலை மூடினால் மட்டும் பல சமயம் போகாது.

ஒருவேளை அடித்தே தொலைத்துவிட்டால்? பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுகிற பட்டனைத் தட்டவேண்டும். பணம் போயிருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்கவேண்டும், பணம் கை மாறி மாறிப் போய்விடுவதற்குள் நிறுத்திவைக்கத்தான் அந்த எண். பிள்ளையை யாராவது மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. வீட்டில் அடி விழும் என்று பயந்து இரண்டு நாள் மறைக்கிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்தப் பையனும் என்னிடம் வந்தது, அக்காவின் லேப்டாப்பைக் கெடுத்துவிட்டோம், அம்மா திட்டுவாள் என்ற பயத்தில்தான்.