ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்: எந்தச் செல்லில் தொடங்குவது?

முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. மாற்றியமைக்க மரபணுக்களே இல்லாததால், உடலின் எந்தவகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை உருவாக்க அது உதவாது. அடர்த்தி மிகுந்த திரவத்தின்மேல் ரத்தத்தை மெதுவாக ஊற்றி மையவிலக்கியில் சுழற்றினால், பிளாஸ்மாவுக்கு அடியில் மெல்லிய வெண்படலம் ஒன்று ஒதுங்கும். நமக்கு வேண்டிய, உட்கருவுள்ள செல்கள் அதில்தான் இருக்கின்றன.

அவற்றிலும் எதையெடுப்பது என்பதில்தான் கொடையாளர்களின் செல்களை ஆய்வுக்காகச் சேமித்துவைக்கும் உயிரி வங்கியின் தரமே அடங்கியிருக்கிறது என்பேன். நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்கள் எளிதில் பெருகும். ஆனால் விதவிதமான கிருமிகளை அடையாளம் காண்பதற்காகத் தம் டிஎன்ஏவின் சில பகுதிகளை வெட்டி ஒட்டிக்கொண்டவை அவை. பி செல்களும் அப்படித்தான். வெட்டியெறிந்த துண்டு மீண்டும் வராது. அவற்றிலிருந்து பிறக்கும் ஸ்டெம் செல்லிலும் அந்தக் குறை தொடரும். கொடையாளரின் மரபணுத்தொகுதியை முழுமையாகக் காக்க வேண்டிய வங்கிக்கு இது சிறிய குறையல்ல. ஆகவே பல ஆய்வகங்கள் எரித்ரோபிளாஸ்ட்டை விரும்புகின்றன. சிவப்பணுவாகப் போகிற, ஆனால் உட்கருவை இன்னும் இழக்காத இளஞ்செல் அது. வெண்படலத்திலுள்ள சொற்பமான முன்னோடிச் செல்களுக்கு எரித்ரோபொய்ட்டின் போன்ற வளர்ச்சிக் காரணிகளை ஊட்டினால், ஒன்றிரண்டு வாரத்தில் எரித்ரோபிளாஸ்ட்டுகள் பெருகிவிடும்.

இனி மறுநிரலாக்கம், அதாவது அந்தச் செல்லை ஸ்டெம் செல்லாகத் திருப்பும் வேலை. ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் என்ற நான்கு மரபணுக்கள் போதும் என்று ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனகாவின் குழு 2006-இல் எலிச் செல்களிலும், 2007-இல் மனிதத் தோல் செல்களிலும் காட்டியது. 2012-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் கர்டனுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணுக்களைச் செல்லுக்குள் கொண்டுசெல்ல அப்போது பயன்பட்ட ரெட்ரோவைரஸ், செல்லின் டிஎன்ஏவிலேயே நுழைந்து தங்கிவிடும். சி-மிக் புற்றுநோயோடு தொடர்புடையது என்பதால் அது கவலைக்குரிய விஷயம். இப்போது பரவலாகப் பயன்படும் சென்டாய் வைரஸ் ஆர்என்ஏ வைரஸ். உட்கருவுக்குள் போகாமல் சைட்டோபிளாசத்திலேயே வேலையை முடித்துக்கொள்கிறது. செல்கள் பிரியப் பிரிய நீர்த்துக் காணாமல் போகிறது.

பெரும்பாலான செல்கள் மாறுவதில்லை. மிதந்துகொண்டிருந்தவற்றில் சில மட்டும் தட்டின் அடியில் ஒட்டிப் பரவி, இரண்டு மூன்று வாரங்களில் கூர்மையான விளிம்புடைய நெருக்கமான கூட்டங்களாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தபடியே அவற்றைப் பிப்பெட் முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தனித்தனியே வளர்க்கிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது.

வைரஸ் அறவே நீங்கியதா, செல் அதே கொடையாளருடையதுதானா, குரோமோசோம்கள் சிதையவில்லையா என்று சோதித்த பிறகே உறையவைப்பு. 20-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இரட்டிப்பது அடிக்கடி காணப்படும் கோளாறு. அந்தச் செல்கள் சாகாமல் தாக்குப்பிடித்து மற்றவற்றை முந்திவிடும். தேறிய செல்களை உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருள் கலந்து நிமிடத்துக்கு சுமார் 1 டிகிரி வீதம் குளிர்வித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமிக்கிறார்கள்.

எல்லாக் கொடையாளரின் ரத்தத்தையும் உடனே மாற்றியாக வேண்டும் என்பதில்லை. வெண்படலச் செல்களையே உறையவைத்து, ஒருவரின் நோயை ஆராயும் தேவை எழும்போது, சில ஆண்டுகள் கழித்துக்கூட மறுநிரலாக்கலாம். செலவு மிகுந்த வேலையைத் தேவைப்படும்போது செய்துகொள்ளும் இந்த வழியே வங்கிகளுக்கு ஏற்றது.